முன்னால் இழுக்கும் காருக்குப் பின்னால் எந்த ஸ்பிரிங்?

1959-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த டிராக் பந்தயத்திற்கு ஒரு விந்தையான கார் வந்து நின்றது. பத்தாண்டு பழைய பிளைமவுத் கார் அது. அதன் உடல் சக்கரங்களுக்கு மேலே, கட்டிலின்மேல் கட்டிலை அடுக்கியதுபோல், வெகு உயரத்தில் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. எஞ்சினுக்குக் காற்று கொண்டு செல்லும் நீண்ட குழாய்கள் வெளியே துருத்திக் கொண்டிருந்தன. ‘உயரமும் வலிமையும்’ என்ற பொருள்பட அதற்குப் பெயர் சூட்டியிருந்தனர். பார்த்தவர்கள் சிரித்திருந்தால் வியப்பில்லை. பந்தயக் கார் என்றால் தரையோடு தரையாகப் பதுங்கியிருக்க வேண்டும் என்றல்லவா நாம் நினைக்கிறோம்?

ஆனால் அதைக் கட்டியவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் அல்லர். கிரைஸ்லர் நிறுவனத்தில் பணியாற்றிய இளம் பொறியாளர்கள் அவர்கள். ‘ராம்சார்ஜர்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் கார் கட்டினார்கள். காரை உயரத் தூக்கியதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு பின்சக்கரங்களால் ஓடும் காருக்கு உரியது. ஒரு தலைமுறை கழித்து, முன்சக்கரங்களால் ஓடும் சின்னஞ்சிறு கார்களோடு வேறு இளைஞர்கள் அதே பந்தயத்திற்கு வந்தபோது, அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டியதாயிற்று. அந்தக் கதையையும், அதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வகிக்கும் இடத்தையும்தான் இக்கட்டுரையில் உங்களோடு பார்க்கப் போகிறேன். இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. போகப் போக அதையும் காண்போம்.

டிராக் பந்தயம் என்பது மிக எளிமையானது. இரண்டு கார்கள் அசையாமல் நிற்கும். விளக்கு எரிந்ததும் புறப்பட்டு, வளைவே இல்லாத நேர்ப்பாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் பயன்படாது கிடந்த விமான ஓடுபாதைகளில் இது செழித்தது. 1950-இல் சாண்டா ஆனா விமானத் திடலில் முறையான டிராக் பாதை ஒன்று தொடங்கப்பட்டது. 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் ஒரு சங்கத்தை நிறுவினார். தெருவில் ஓடி உயிரை விடும் பையன்களை வேலியிட்ட திடலுக்குள் கொண்டுவருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அச்சங்கத்தின் முதல் பந்தயம் 1953-இல் பொமோனாவில் நடந்தது; முதல் தேசியப் போட்டி 1955-இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் நடந்தது.

இப்பந்தயத்தில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் முதல் இருபது மீட்டரே முடிவு செய்துவிடும். எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அது டயர் வழியாகத்தான் தரையைத் தள்ள முடியும். டயரின் பிடி இரண்டைப் பொறுத்தது: டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு, டயரின்மேல் அழுந்தும் எடை. இந்த இரண்டாவதுதான் நம் கதையின் நாயகன்.

எடை எப்படி இடம் மாறுகிறது?

புறப்படும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கால்களைத் தரை முன்னே இழுக்கிறது. உடலின் புவியீர்ப்பு மையமோ இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. ஆகவே பின்னால் சாய்கிறீர்கள். விழாமல் இருக்க வேண்டுமானால் பின்காலில் எடையை ஊன்ற வேண்டும். காருக்கும் இதே நிலைதான். தரை அதை அடியில் பிடித்து முன்னே தள்ளுகிறது. புவியீர்ப்பு மையம் மேலே இருக்கிறது. இதனால் உண்டாகும் திருப்புத்திறன் முன்சக்கரங்களின் சுமையைக் குறைத்து அதே அளவு சுமையைப் பின்சக்கரங்களில் ஏற்றுகிறது. எவ்வளவு என்பதைக் காண மிகச் சிறிய சூத்திரம் போதும்:

இடம் மாறும் சுமை = நிறை × முடுக்கம் × புவியீர்ப்பு மையத்தின் உயரம் ÷ முன்பின் சக்கரங்களின் இடைத்தூரம்.

இந்தச் சூத்திரத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதும் முக்கியம். அதைப் பின்னால் கேட்பேன்.

ஓர் எடுத்துக்காட்டு. (கடைக்காரரைப்போல் எடையையும் கிலோவிலேயே சொல்கிறேன், நியூட்டனில் வேண்டுவோர் 9.8 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்காகச் சொல்கிறேன்.) 1,000 கிலோ கார், சக்கர இடைத்தூரம் 2.5 மீட்டர், புவியீர்ப்பு மையம் 50 சென்டிமீட்டர் உயரத்தில். எடை முன்னும் பின்னும் 500, 500 என்று சமமாகப் பிரிந்திருக்கிறது. உராய்வுக் கெழு 1 என்போம். பின்சக்கர ஓட்டமானால், பின்டயர்கள் தாங்கும் சுமை முடுக்கத்தோடு கூடிக்கொண்டே போகும். கணக்கிட்டால் வழுக்காமல் அடையக்கூடிய முடுக்கம் 0.625 என வருகிறது. இப்போது ராம்சார்ஜர்ஸ் செய்ததுபோல் காரைத் தூக்கி, புவியீர்ப்பு மையத்தை 75 சென்டிமீட்டருக்கு உயர்த்துங்கள். முடுக்கம் 0.714 ஆகிறது. எஞ்சினைத் தொடாமல், டயரை மாற்றாமல், வெறும் உயரத்தால் 14 சதவீத லாபம்! அந்தக் கோமாளிக் காரின் இரகசியம் இதுதான்.

1950-களிலும் 1960-களிலும் இந்த எண்ணம் டிராக் உலகம் முழுவதும் பரவியது. முன்புறம் தூக்கிய கார்கள் எங்கும் தோன்றின. ஷாக் அப்சார்பர்களிலும் தனி வகை வந்தது. ‘தொண்ணூறு பத்து’ என்று அதைச் சொல்வார்கள். முன்சக்கரத்தில் பொருத்தப்படும் இந்த ஷாக் நீளும்போது ஏறக்குறைய எதிர்ப்பே காட்டாது. சுருங்கும்போது மட்டும் முரண்டு பிடிக்கும். கார் புறப்பட்டதும் மூக்கு சட்டென்று மேலே எழும்பும். எழும்பியது உடனே இறங்காது. இதே காலத்தில் ‘ஸ்லிக்’ எனப்படும் வரிப்பள்ளம் இல்லாத அகன்ற மென்ரப்பர் டயர்களும் வந்தன. உராய்வுக் கெழு 1-ஐ மீறாது என்று எண்ணுகிற மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் காண்கிறேன். அப்படி ஒரு விதி இயற்கையில் இல்லை. ரப்பர் சூடேறித் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதிந்து ஒட்டிக்கொள்ளும்போது கெழு ஒன்றைத் தாராளமாகத் தாண்டும்.

வில்லும் அதன் காவலனும்

இங்கே சற்று நின்று, ஸ்பிரிங்கும் ஷாக்கும் வந்த வழியைப் பார்த்துவிடுவோம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர் பலர். கார் குழியில் விழுந்தால் ‘ஷாக் போய்விட்டது’ என்பார்கள். உடைந்திருப்பது ஸ்பிரிங்காக இருக்கும்.

ஸ்பிரிங்கின் இலக்கணத்தை எழுதியவர் ராபர்ட் ஹூக். 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல் அதை விடுவித்துக் காட்டினார்: நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு. ஊர்திகளுக்கு நல்ல ஸ்பிரிங் வர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1804-இல் லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் என்னும் கோச்சு வண்டிக்காரர், வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி நீள்வட்டமாகச் சேர்த்த வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். நம் லாரிகளின் அடியில் நீங்கள் இன்றும் காணும் பட்டை ஸ்பிரிங் அந்தக் குடும்பத்தின் வாரிசே. அதில் ஒரு மறைமுகமான நன்மை உண்டு. வில் வளையும்போது பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று தேய்கின்றன. அந்த உராய்வு அதிர்வின் ஆற்றலைத் தின்கிறது. குதிரை வண்டி வேகத்திற்கு அது போதுமானதாக இருந்தது.

மோட்டார் கார் வந்ததும் போதவில்லை. ஸ்பிரிங் ஆற்றலை விழுங்குவதில்லை. கடனாக வாங்கி அப்படியே திருப்பித் தருகிறது. மேட்டில் ஏறிய கார் ஊஞ்சலாடிக்கொண்டே போகும். அதனை அடக்கத் தனியாக ஒரு காவலன் தேவைப்பட்டான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் துருஃபோ, தட்டுகளை நெருக்கிப் பிடித்து உராயச் செய்யும் கருவியை அமைத்தார். அதை ஹார்ட்ஃபோர்டு என்பவர் அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றார். இதில் ஒரு குறை. வறண்ட உராய்வு, அசைவு மெதுவானாலும் விரைவானாலும் ஏறக்குறைய ஒரே அளவு எதிர்க்கும். சிறு அசைவுக்கு முரட்டுத்தனம். பெரிய அசைவுக்குப் பலவீனம்.

அதே காலத்தில் மோரிஸ் ஊதாய் என்ற பிரெஞ்சுக்காரர் எண்ணெயை நாடினார். சிறு துளை வழியே எண்ணெயைப் பிதுக்கினால், வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். இதுவே நாம் வேண்டுவது. ஃபோர்டின் ‘டி’ மாடல் ஷாக் அப்சார்பர் இல்லாமலே கோடிக்கு மேல் விற்றது. 1928-இன் ‘ஏ’ மாடலுக்கு ஊதாய் வகை எண்ணெய் ஷாக்குகள் கிடைத்தன. பின்னர் ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய் வடிவம் வந்தது. ஆனால் கடுமையாக வேலை வாங்கினால் எண்ணெய் காற்றோடு கலந்து நுரைத்துவிடும். நுரைத்த எண்ணெய் எதிர்ப்பதில்லை. பூர்சியே த கார்போன் என்னும் பிரெஞ்சு இயற்பியலாளர், மிதக்கும் பிஸ்டனுக்கு அப்பால் உயர் அழுத்த வாயுவை அடைத்து எண்ணெயை எப்போதும் நெருக்கத்தில் வைத்து இந்தக் குறையைத் தீர்த்தார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் அதனை உற்பத்தி செய்ய, 1957-இல் மெர்சிடஸ் கார்களில் அது ஏறியது. ஓர் இயற்பியலாளரின் பெயர் பந்தயத் திடலில் மதிக்கப்படுவதைக் கேட்க எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஷாக்கின் இன்னொரு சிறப்பு: சுருங்குவதற்கு ஓர் அளவு எதிர்ப்பும் நீள்வதற்கு வேறோர் அளவு எதிர்ப்பும் வைக்க முடியும். வால்வுகளைத் தனித்தனியே அமைத்தால் போதும். மேலே சொன்ன ‘தொண்ணூறு பத்து’ இப்படிப் பிறந்ததே.

முன்னால் இழுக்கும் குதிரை

முன்சக்கர ஓட்டம் புதிய சங்கதி அன்று. 1769-இல் பிரான்சின் கூன்யோ கட்டிய நீராவி வண்டியே முன்சக்கரத்தால்தான் நகர்ந்தது. அமெரிக்காவின் வால்டர் கிறிஸ்டி 1907-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் முன்சக்கர ஓட்டக் காரை இறக்கினார். 1925-இல் ஹாரி மில்லர் கட்டிய முன்சக்கர ஓட்டக் கார் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. 1930-இல் பில்லி ஆர்னால்டு அத்தகைய காரில் அப்பந்தயத்தை வென்றார். அங்கே அது வென்றதற்குக் காரணம் உண்டு. இண்டியானாபோலிஸ் ஓடிக்கொண்டே இருக்கும் பந்தயம். நின்ற இடத்திலிருந்து பாய்வது அதில் பெரிதல்ல.

வீட்டுக் கார்களுக்கு 1934-இல் சித்ரோவன், 1959-இல் இசிகோனிசின் ‘மினி’, 1972-இல் ஹோண்டா சிவிக் எனப் பல வந்தன. இந்தியச் சாலைகளில் 1983 இறுதியில் வந்த மாருதி 800 இந்த முறையைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. எஞ்சினும் கியரும் முன்னால் ஒரே கட்டாக அடங்கிவிடுவதால் உள்ளே இடம் மிச்சம். எடையும் முன்னால் குவிகிறது: முன்னே அறுபது சதவீதத்திற்கு மேல் என்பது வழக்கம்.

இதில் ஒரு காரைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். 1966-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓல்ட்ஸ்மொபீல் டொரொனாடோ. 7 லிட்டர் எஞ்சின், 385 குதிரைத்திறன், அத்தனையும் முன்சக்கரத்திற்கு! அதன் பின்புறம் ஓட்டமில்லாத ஓர் எளிய அச்சு, ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கின்மேல். ஆனால் ஷாக்குகள் மட்டும் இரண்டல்ல, நான்கு. இரண்டு வழக்கம்போல் செங்குத்தாக. இரண்டு படுக்கைவாட்டில், அச்சு முன்பின்னாக உதறாமல் பிடிப்பதற்கு. ஓட்டமில்லாத பின்சக்கரத்தை ஏனோதானோவென்று விட்டுவிட முடியாது என்று அந்தப் பொறியாளர்கள் உணர்ந்திருந்தனர்.

டிராக் திடலுக்கு முன்சக்கர ஓட்டம் பெரும் அளவில் வந்தது 1990-களில். தென்கலிபோர்னியாவின் இளைஞர்கள் கையில் பெரிய அமெரிக்கக் கார்களுக்குப் பணமில்லை. பழைய ஹோண்டா சிவிக் கிடைத்தது. 1990-இல் பாம்டேலுக்கு அருகில் அத்தகைய இறக்குமதிக் கார்களுக்கென்றே பந்தயம் தொடங்கிற்று. டர்போவைப் பொருத்தி எஞ்சினின் திறனைப் பல மடங்காக்கினார்கள். திறன் வந்தது, பிடி வரவில்லை. புறப்பட்டதும் முன்டயர்கள் புகையைக் கக்கிச் சுழன்றன. கார் நின்ற இடத்திலேயே நடனமாடியது. பழைய பந்தயக்காரர்கள் ஏளனம் செய்தனர். முன்சக்கர ஓட்டக் காரால் டிராக் ஓட முடியாது என்பது அவர்கள் தீர்ப்பு.

தீர்ப்பில் உண்மை எவ்வளவு? நம் 1,000 கிலோ காரையே எடுத்துக்கொள்ளுங்கள். இம்முறை முன்னால் 620, பின்னால் 380 கிலோ. ஸ்லிக் டயரின் உராய்வுக் கெழு 1.5. நிற்கும்போது முன்டயர்களின் பிடி 620 × 1.5 = 930. ஆனால் கார் நகரத் தொடங்கியதும் சுமை பின்னால் ஓடுகிறது. கணக்கு 0.715 என்ற முடுக்கத்தில் சமநிலை அடைகிறது. அப்போது 143 கிலோ பின்னுக்குப் போய், முன்னால் 477 கிலோவே மிஞ்சுகிறது. இதே டயரோடு எடை சமமாகப் பிரிந்த பின்சக்கர ஓட்டக் கார் 1.07 வரை போகும். ஒருவர் பாய்ச்சலால் பிடியைச் சம்பாதிக்கிறார். மற்றவர் பாய்ச்சலால் பிடியை இழக்கிறார். டயர் எவ்வளவு நல்லதோ, அவ்வளவு இந்த இடைவெளி பெருகும்.

ஸ்பிரிங் எதைச் செய்யாது?

இங்கேதான் பின்புற ஸ்பிரிங் மேடைக்கு வருகிறது. முன்சக்கர ஓட்ட டிராக் கார் வைத்திருப்பவர் முதலில் செய்வது பின்னால் கடினமான ஸ்பிரிங்கைப் போடுவது. ஏன் என்று கேட்டால், ‘பின்பக்கம் அமுங்காது, ஆகவே எடை பின்னால் போகாது’ என்பார்.

இப்போது மேலே கண்ட சூத்திரத்திற்குத் திரும்புங்கள். நிறை, முடுக்கம், உயரம், இடைத்தூரம். ஸ்பிரிங்கின் கடினம் அதில் எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை! ஸ்பிரிங்கிற்குப் பதில் இரும்புத் தண்டையே வைத்தாலும் 143 கிலோ பின்னால் போய்த்தான் தீரும். அமுங்குவது சுமை மாறியதன் அடையாளம், காரணமன்று. தராசுத் தட்டு தாழ்வதைக் கையால் தடுத்துவிட்டால் பொருளின் எடை குறைந்துவிடுமா?

இன்னும் வேடிக்கை ஒன்று. சக்கரத்திற்குச் சக்கரம் ஒரு மில்லிமீட்டருக்கு 2 கிலோ என்னும் ஸ்பிரிங் நான்கு இருப்பதாகக் கொள்வோம். பின்புறம் 36 மில்லிமீட்டர் அமுங்கும். முன்புறம் 36 மில்லிமீட்டர் எழும்பும். புவியீர்ப்பு மையம் முன்பக்கம் தள்ளியிருப்பதால் மொத்தத்தில் அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயர்கிறது. பின் ஸ்பிரிங்கை இருமடங்கு கடினமாக்குங்கள். பின்புறம் 18 மில்லிமீட்டர்தான் அமுங்கும். ஆனால் முன்புறம் அதே 36 எழும்பும். மையம் 15 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது! வேறுபாடு மிகச் சிறிது, இரண்டு கிலோ அளவிற்கே கணக்கில் ஏறும். ஆனாலும் அது பந்தயக்காரர் எதிர்பார்த்த திசைக்கு நேர் எதிரானது.

அப்படியானால் கடினமான பின் ஸ்பிரிங் வீண்தானா? இல்லை. பயன் உண்டு; காரணம்தான் வேறு. சூத்திரம் சொல்வது கார் ஒரு நிலைக்கு வந்தபின் உள்ள சுமையை. புறப்பட்ட முதல் அரை வினாடியில் கார் எந்த நிலைக்கும் வருவதில்லை. அது மூக்கைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்தில்தான் ஸ்பிரிங்கும் ஷாக்கும் விளையாடுகின்றன.

ஒரு சுருள் ஸ்பிரிங்கின்மேல் திடீரென்று ஒரு கல்லை விட்டால், அது அமுங்கி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இருமடங்கு ஆழம் போய்த் திரும்பும். காரிலும் அப்படியே. கிளட்சைத் திடீரென்று விட்டால், அடக்க ஷாக் இல்லாத நிலையில், பின்புறம் 36-க்குப் பதில் 72 மில்லிமீட்டர் வரை தாழும். அந்த உச்சக் கணத்தில் முன்சக்கரங்கள் இழப்பது 143 கிலோ அல்ல, 286 கிலோ. மிஞ்சுவது 334. டயர் வழுக்க அந்த ஒரு கணம் போதும். ஒருமுறை சுழலத் தொடங்கிய டயர் எளிதில் பிடிக்குத் திரும்பாது. சற்று நேரத்தில் ஆட்டம் எதிர்ப்பக்கம் வரும். டயர் பிடிக்கும், விடும், பிடிக்கும். இதுவே முன்சக்கரங்கள் தத்தித் தத்திக் குதித்து, ஓட்டும் அச்சுகளை முறித்துப் போடும் கொடுமையின் ஒரு வேர்.

ஆகவே பின்புற ஷாக்கிடம் நாம் கேட்பது: அமுங்கும்போது உறுதியாக எதிர்த்து, எல்லையைத் தாண்டாமல் காரை ஒரே மூச்சில் அதன் நிலையில் உட்கார வை. எடையை நிறுத்தாதே, அது உன்னால் ஆகாது. தாண்டிப் போவதை நிறுத்து. கடினமான ஸ்பிரிங் ஆட்டத்தின் வீச்சைக் குறைக்கிறது. நம் கணக்கில் கார் சாயும் கோணம் 1.65 பாகையிலிருந்து 1.24 பாகைக்கு இறங்குகிறது. முன்சக்கரங்களின் சாய்வும், ஓட்டும் அச்சுகளின் கோணமும் அந்த அளவுக்குக் குறைவாகவே கெடுகின்றன.

இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு ஓர் எளிய விதி உண்டு. ஆட்டத்தைத் தாண்டாமல் அடக்கத் தேவையான எதிர்ப்பு, ஸ்பிரிங் கடினத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். ஸ்பிரிங்கை இருமடங்கு கடினமாக்கினால், ஷாக்கும் 1.4 மடங்கு உறுதியாக வேண்டும். பழைய ஷாக்கை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியவரின் கார் முன்னைவிட வேகமாக ஆடும், அவ்வளவுதான். 1930-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்சில் பணியாற்றிய மோரிஸ் ஆலி, எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய சோதனைக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த முன்பின் ஆட்டத்தை ஆராய்ந்தார். முன் ஸ்பிரிங் மென்மையாகவும் பின் ஸ்பிரிங் சற்று விரைந்து ஆடுவதாகவும் இருந்தால் பயணிகளுக்குச் சுகம் என்று கண்டார். அவர் நினைத்தது குடும்பக் காரை. பின்னால் கடினம் என்ற முடிவில் மட்டும் டிராக் பந்தயக்காரரும் அவரும் வேறு வேறு வழியாக வந்து சந்திக்கிறார்கள்.

பின்பக்கத்தைத் தூக்கி வைத்தால் எடை முன்னே சரியும் என்று சிலர் செய்வதுண்டு. கணக்கிடுவோம். பின்புறத்தை 5 சென்டிமீட்டர் தூக்குங்கள். உடல் முன்னச்சைப் பற்றித் திரும்புகிறது. புவியீர்ப்பு மையம் அந்த அச்சைவிட ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான் மேலே இருக்கிறது. ஆகவே அது முன்னே நகர்வது வெறும் 4 மில்லிமீட்டர். லாபம் 2 கிலோ கூட இல்லை. ஆனால் மையம் 19 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. புறப்படும்போது அதனால் வரும் நட்டம் 5 கிலோவுக்கு மேல். மாறாக, கார் முழுவதையும் 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 14 கிலோ முன்னால் மிஞ்சும். ராம்சார்ஜர்ஸ் மேலே தூக்கினார்கள்; இவர்கள் கீழே இறக்க வேண்டும்.

இதில் எல்லாம் சிறந்த தந்திரம் ஸ்பிரிங்கில் இல்லை. சூத்திரத்தின் கடைசி உறுப்பில், சக்கர இடைத்தூரத்தில் இருக்கிறது. முன்னணி முன்சக்கர ஓட்டக் கார்களின் பின்னால் இரண்டு நீண்ட கம்பிகள் நீட்டிக்கொண்டு, முனையில் சிறு சக்கரங்களோடு தரையைத் தொட்டபடி இருப்பதைக் காணலாம். பின்சக்கர ஓட்டக் காரில் இக்கம்பி மல்லாந்து விழாமல் காக்கும். முன்சக்கர ஓட்டக் காருக்கு மல்லாக்கும் அபாயமே இல்லையே, எதற்கு? கம்பியின் முனை பின்னச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பான கம்பி தரையில் ஊன்றியதும் பின் ஸ்பிரிங் மேற்கொண்டு அமுங்குவதில்லை. வந்து சேரும் சுமை முழுவதும் கம்பி முனைக்குப் போகிறது. அதாவது காரின் இடைத்தூரம் 2.5 மீட்டரிலிருந்து 3.5 மீட்டராக நீண்டுவிட்டது! நம் காரின் முடுக்கம் 0.715-லிருந்து 0.766-க்கு ஏறும். ஸ்பிரிங்கால் செய்ய முடியாததை ஒரு குச்சி செய்துவிடுகிறது. எடையைக் கணிசமாக முன்னே தள்ளி, தாழ்த்தி, இந்தக் கம்பியையும் சேர்த்த கார்கள் இன்று கால் மைலை 8 வினாடிக்கும் குறைவாகக் கடக்கின்றன. ஏளனம் செய்தவர்களுக்கு அதுவே விடை.

முன்புற ஷாக்கைப் பற்றியும் ஒரு சொல். அது நீள்வதற்குக் கடுமையாக எதிர்த்தால் ‘மூக்கைக் கீழே பிடித்து வைக்கும், டயர் அழுந்தும்’ என்பர். நீள மறுக்கும் ஷாக் உடலைக் கீழே இழுக்கிறது, உண்மை. ஆனால் அதே விசையால் சக்கரத்தை மேலே இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு விலக்கு கிடையாது. ஷாக் கொடுப்பது சுமையல்ல. சுமை மாறும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது.

இறுதியாக, பந்தயக் கோட்டிற்கு அப்பால் நடப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஏனெனில் உயிர்ச்சேதம் அங்கேதான் நேர்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும் காரைப் பிரேக் பிடிக்கும்போது சுமை முன்னால் பாய்கிறது. 0.8 என்ற அளவில் வேகம் குறைந்தால் நம் காரில் 160 கிலோ முன்னே போய், பின்சக்கரங்களில் 220 கிலோவே நிற்கும். பின்னால் இருப்பதோ எடையைக் குறைப்பதற்காகப் போட்ட ஒடுங்கிய டயர். ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால், திடலின் சிறு மேட்டில்கூட அந்தச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். கார் பக்கவாட்டில் சுழலும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் பின் ஷாக்கில் சுருங்கும் எதிர்ப்பை உயர்த்தினாலும், நீளும் எதிர்ப்பை அடக்கமாகவே வைக்கிறார்கள்: எழும்பும் உடலைப் பின்தொடர்ந்து சக்கரம் தடையின்றிக் கீழிறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெரிய டிராக் கார்களின் மேல்வகுப்புகளில் 2008-இல் ஒரு சாவுக்குப் பின் பந்தயத் தூரத்தையே 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். நிற்பதற்கு அந்த 320 அடி கூடுதலாகக் கிடைத்தது.